வேறொரு குழந்தையின் பாம்பு

என் மகன் பத்து வயதில் ஒரு பாம்பு வேண்டும் என்றான். நாய் கேட்டிருந்தால் மறுப்பதற்குக் காரணங்கள் தயாராக இருந்தன. என் கணவருக்கு நாய் முடி ஒத்துக்கொள்ளாது, இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம், ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வது. பாம்புக்கு இவற்றில் ஒன்றும் பொருந்தவில்லை. முடி கிடையாது, சத்தம் கிடையாது, வாரம் ஒரு முறை தீனி. பள்ளிக்கு யாரோ கொண்டுவந்து காட்டிய பாம்பைக் கையில் வாங்கிப் பார்த்த நாளிலிருந்து அவன் இதையெல்லாம் படித்து வைத்திருந்தான்.

“பாம்பைப் பாத்தா ஓடுவோம், இல்லன்னா கும்பிடுவோம். வீட்டுக்குள்ள வெச்சு யாராவது வளப்பாங்களா?” என்றார் என் கணவர்.

சரி என்று சொன்னது நான்தான். அந்த வருடம் எனக்கு வேலை கழுத்தை நெரித்தது. காலையில் சென்னை டீமோடு ஒரு போன் கால், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொன்று. நடுவில் மகன் ஏதாவது சொல்ல வந்தால் ஹெட்செட்டைத் தொட்டுக் காட்டி அனுப்பிவிடுவேன். அவன் கேட்டது ஒரே ஒரு பொருள். வாங்கிக் கொடுத்துவிட்டால் மற்றதெல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

எங்கே வாங்குவது என்பதில் சில வாரங்கள் போயின. நாங்கள் இருப்பது டல்லாஸுக்கு வடக்கே ஆலனில். பக்கத்தில் இருந்த பெரிய பெட் ஸ்டோருக்கு முதலில் போனோம். ஒரே கண்ணாடித் தொட்டியில் நாலைந்து பாம்புக் குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. கடைசியாக எது எப்போது சாப்பிட்டது என்று மகன் கேட்டான். அங்கே வேலை செய்த பெண் தெரியாது என்று நேர்மையாகச் சொன்னாள். “தெரியாதுன்னா வாங்கக் கூடாதும்மா” என்று காரில் ஏறும்போது மகன் சொன்னான்.

அடுத்தது ஊர்வன கண்காட்சி. ஒரு பெரிய ஹாலில் மேஜை மேஜையாக, ஊறுகாய் டப்பா மாதிரி பிளாஸ்டிக் டப்பாக்களுக்குள் பாம்புகள். ஒவ்வொரு மூடியிலும் மூச்சு விட ஓட்டைகள். மகன் வாயைத் திறந்தபடி நடந்தான். ஒருவர் ஒரு டப்பாவை அவன் கையில் கொடுத்து, இன்று சாயங்காலத்தோடு கிளம்பிவிடுவேன், பிறகு கிடைக்காது என்றார். நாளைக்குக் குட்டி சாப்பிடவில்லை என்றால் யாரைக் கேட்பது என்று யோசித்தேன். டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வைத்தேன். வீடு வரும்வரை மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான்.

கைவிடப்பட்ட பாம்புகளை வைத்துப் பராமரிக்கும் ஒரு இடத்துக்குப் போன் செய்தேன். அப்போது அவர்களிடம் இருந்தவை எல்லாம் பெரிய மலைப்பாம்பு வகைகள், தீனி எடுக்க முரண்டு பிடிப்பவை. முதல் முறை வளர்க்கும் பிள்ளைக்கு வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். சொந்தமாகக் குஞ்சு பொரிக்க வைத்து விற்கும் ஒருவர் இருந்தார். பொறுமையாகப் பேசினார். ஆனால் அவரிடம் அடுத்த குட்டிகள் வர இன்னும் பல மாதங்கள் ஆகும். ஒன்று மட்டும் அவர் சொன்னது மனதில் நின்றது. முதல் பாம்பு என்றால் கார்ன் ஸ்நேக் வாங்குங்கள், விஷம் கிடையாது, சாது. எங்கே வாங்கினாலும் பிறந்ததிலிருந்து மனிதர் கையில் வளர்ந்ததா, ஒழுங்காகச் சாப்பிடுகிறதா என்று பாருங்கள். வாங்கிய பிறகும் போனை எடுத்துப் பேசுகிற ஆளிடம் வாங்குங்கள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊர்த் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. ஒரு குடும்பம் இந்தியாவுக்கே திரும்புகிறது. சோபா, டைனிங் டேபிள், சைக்கிள், ட்ரெட்மில். கடைசி வரியில், தொட்டியோடு ஒரு கார்ன் ஸ்நேக், மூன்று வயது, நன்றாகச் சாப்பிடும்.

நான் உடனே கூப்பிட்டேன். கோயம்புத்தூர்க்காரர். வேலை போய்விட்டது, விசா கெடுவுக்குள் வேறு வேலை அமையவில்லை என்று இரண்டே வாக்கியத்தில் சொன்னார். நாங்களும் கிரீன் கார்டு வரிசையில் பல வருடமாக நிற்கிறவர்கள்தான். அந்த இரண்டு வாக்கியத்துக்குள் என்னென்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஐயோ, ரொம்பக் கஷ்டம்தாங்க என்றேன். என் குரலில் வருத்தம் இருந்தது. அதற்குப் பின்னால் ஒரு நிம்மதியும் இருந்தது. நாங்கள் தேடியது அப்படியே கிடைத்துவிட்டது.

“பாம்பு பொண்ணோடதுங்க. அவதான் குட்டியிலேருந்து வளத்துனா,” என்றார். “வேற ஒண்ணுமில்லீங்க, புள்ள ஸ்கூலுக்குப் போயிருக்கறப்ப வந்து எடுத்துக்கிட்டீங்கன்னா சௌரியமா இருக்கும்.”

“அவகிட்ட சொல்லலையா?”

“சொல்லணும். சொல்லிக்கலாம்ங்க.”

அந்த இடத்தில் நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். பெண்ணிடம் சொன்ன பிறகு வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். வியாழக்கிழமை மதியம் வரட்டுமா என்று கேட்டேன்.

வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். வீடு பாதி காலியாகி, சுவரோரம் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. பெண்ணின் அம்மா சமையலறையில் பாத்திரங்களைப் பழைய துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். மாடியில் பெண்ணின் அறையில் ஜன்னலோரம் தொட்டி இருந்தது. ஆரஞ்சு நிறத்தில், சிவப்புத் திட்டுகளோடு, ஒரு மரப்பட்டைக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டி அது என்னைப் பார்த்தது. நான் கதவருகிலேயே நின்றேன். சுவரில் பள்ளிக்கூடத்து ஓவியங்கள் இன்னும் கழற்றாமல் இருந்தன. பலவற்றில் இந்தப் பாம்புதான்.

பெண்ணின் அப்பா பாம்பைத் தலையணை உறைக்குள் விட்டு முடிச்சுப் போட்டார். தொட்டியை நாங்கள் இருவரும் படியிறக்கி, காரின் பின்பக்கம் ஏற்றினோம். அப்போதுதான் ஒரு வண்டி வந்து நின்றது. அந்தப் பெண் பள்ளியில் தலைவலி என்று சொல்லியிருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பெண்மணி தன் பிள்ளையை அழைக்கப் போனவர் இவளையும் கூட்டிவந்துவிட்டார். பதின்மூன்று வயதிருக்கும். பையை ஒரு தோளில் மாட்டியபடி இறங்கினாள். என் காரைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள், அப்பாவின் கையில் இருந்த தலையணை உறையைப் பார்த்தாள். அது அவளுடைய தலையணை உறை.

அவள் அழுவாள், கத்துவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் நேராக உள்ளே போனாள். அவள் அப்பா கீழே பார்த்துக்கொண்டு நின்றார். நான் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கிளம்பிவிடலாமா என்று நினைத்தேன். உண்மையாகவே அதைத்தான் நினைத்தேன்.

அவள் திரும்பி வந்தபோது ஒரு கையில் பழைய ஐஸ்கிரீம் டப்பா, இன்னொரு கையில் வயர் சுற்றிய சின்னக் கருவி.

“இவன் சாப்பாட்டை விட்டுட்டீங்க,” என்றாள் ஆங்கிலத்தில். பிறகு என் நெற்றிப் பொட்டைப் பார்த்தோ என்னவோ தமிழுக்கு மாறினாள். “ஃப்ரோஸன் எலி ஆன்ட்டி. வெந்நீர்ல போட்டு நல்லா சூடான அப்புறம் குடுக்கணும். மைக்ரோவேவ் பண்ணிடாதீங்க. இது தெர்மோஸ்டாட். இது இல்லாம தொட்டிக்கு அடியில ஹீட் பேட் போட்டா அவனுக்குச் சுட்டுடும்.”

“சரிம்மா.”

“இடம் மாறினா கொஞ்ச நாள் சாப்பிட மாட்டான். பயந்துடாதீங்க. தொட்டியை துணி போட்டு மூடி வெச்சிடுங்க. ஒரு வாரத்துக்கு யாரும் தொட வேண்டாம்.” அப்புறம், “உங்க வீட்ல யார் பாத்துப்பாங்க?” என்று கேட்டாள்.

“என் பையன். அவனுக்குப் பாம்புன்னா உயிர்.”

அதைச் சொன்னதும் வாயைப் பொத்திக்கொள்ளலாம் போல இருந்தது. அவள் தலையை ஆட்டினாள். என் போனை வாங்கி எண்ணைப் பதிந்து கொடுத்தாள். அப்பாவின் கையிலிருந்து உறையை வாங்கி, சற்று நேரம் வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்துவிட்டு, முன்சீட்டில் தானே வைத்து அதன்மேல் சீட் பெல்ட்டை மாட்டினாள். தெருமுனை திரும்பும்வரை கண்ணாடியில் அவள் தெரிந்தாள். அவள் அப்பா பக்கத்தில் இல்லை. உள்ளே போய்விட்டிருந்தார்.

அன்று சாயங்காலம் என் மகன் தொட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தொடாமல், பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தான். அவ்வளவு சந்தோஷமாக நான் அவனைப் பார்த்ததில்லை. கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் யாரையும் குத்திப் பேசுகிறவர் அல்ல. சாதாரணமாகத்தான் சொன்னார்.

“ஒரு கொழந்தை கையிலேருந்து வாங்கி நம்ம கொழந்தை கையில குடுத்திருக்கோம்.”

“நாம எடுக்கலைன்னா வேற யாராவது எடுத்திருப்பாங்க.”

“இருக்கலாம்,” என்றார்.

அவர் ‘குடுத்திருக்கோம்’ என்று தன்னையும் சேர்த்துச் சொன்னது எனக்காக. போனது நான் மட்டும்தான்.

அவள் சொன்னபடியே பாம்பு கொஞ்ச நாள் சாப்பிடவில்லை. அவர்கள் கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்து, வீடு பார்த்து, சிம் கார்டு வாங்கியதும் அவளிடமிருந்து வந்த முதல் செய்தி, சாப்பிட்டானா என்பது. அதற்கு முந்தின நாள்தான் சாப்பிட்டிருந்தது. மகன் எடுத்த வீடியோவை அனுப்பினோம். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் இங்கே காலை, அங்கே இரவு, வீடியோ காலில் வருவாள். மகனும் அவளும் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வார்கள். நான் தோசை வார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். அவளுடைய ஆங்கிலத்தில் இந்த ஊர் அப்படியே இருந்தது. புதிய பள்ளியில் அதற்காகக் கிண்டல் செய்கிறார்கள் என்று ஒரு நாள் சொன்னாள். தமிழ் இரண்டாம் மொழி, எழுத வரவில்லை, சின்ன வகுப்புப் புத்தகத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறாள் என்றாள். சொல்லிவிட்டு உடனே, “கேமராவை அவன் கண்ணுகிட்ட கொண்டு போ” என்றாள்.

பாம்பு எங்கள் வீட்டில் முதன்முதலாகத் தோல் உரித்தபோது அது துண்டு துண்டாக வந்தது. எங்களுக்குத் தப்பாகத் தெரியவில்லை. அவள் திரையில் பார்த்ததும் பதறிவிட்டாள். ஹீட்டர் போட்டு வீட்டுக் காற்று காய்ந்து கிடக்கிறது, கண்மேல் பழைய தோல் ஒட்டியிருக்கிறது, அப்படியே விட்டால் கண் கெட்டுவிடும் என்றாள். ஒரு டப்பாவில் ஈரப் பாசியை வைத்து, பாம்பு நுழைய ஓட்டை போட்டு, தொட்டிக்குள் வைக்கச் சொன்னாள். மகன் செய்தான். சில நாட்களில் கண் தெளிந்தது. அவள் சொல்லாமல் இருந்திருந்தால் ஒரு கண் போயிருக்கும். குஞ்சு பொரிக்க வைத்து விற்கிறவர் அன்று சொன்ன, வாங்கிய பிறகும் போனை எடுக்கிற ஆள் என்பது அவள்தான். இது எனக்கு உறைத்தபோது நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வெட்கமாக இருந்தது. அவளிடமிருந்து பாம்பையும் எடுத்துக்கொண்டு, அதைப் பார்த்துக்கொள்ளும் வேலையையும் அவளிடமே விட்டிருந்தோம்.

அந்தக் குளிர்காலத்தில் டெக்சாஸில் ஐஸ் மழை பெய்து மின்சாரம் போனது. முதலில் ஒரு மணி நேரத்தில் வந்துவிடும் என்றார்கள். மறுநாள் காலையிலும் வரவில்லை. வீட்டுக்குள்ளேயே வாயைத் திறந்தால் புகை வந்தது. நாங்கள் மூன்று பேரும் கிடைத்த ஸ்வெட்டர், ஜாக்கெட் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு ஹாலில் ஒரே கம்பளிக்குள் கிடந்தோம். ஹீட் பேட் அணைந்துவிட்டது என்பது எனக்கு ஞாபகமே வரவில்லை. அவள் போன் வந்த பிறகுதான் வந்தது. டிவியில் எங்கள் ஊரைக் காட்டியிருக்கிறார்கள்.

“ஆன்ட்டி, கரண்ட் இருக்கா?”

“இல்லம்மா.”

“அவன் எப்ப சாப்பிட்டான்?”

மகன் முந்தாநாள் என்றான்.

“குளிர் மட்டும்னா தாங்குவான். ஆனா வயித்துல எலி இருக்கு. உடம்பு சூடு இல்லன்னா அது ஜீரணமாகாது, உள்ளயே கெட்டுப்போயிடும். யாராவது உடம்போட வெச்சுக்கணும் ஆன்ட்டி. துணிக்குள்ள போட்டு, டிரெஸ்சுக்கு உள்ள. ரொம்ப அழுத்தக் கூடாது, சாப்பிட்டிருக்கான்ல.”

மகன் நான் வைத்துக்கொள்கிறேன் என்றான். ஆனால் அவனே நடுங்கிக்கொண்டிருந்தான், கை பனிக்கட்டியாக இருந்தது. என் கணவர் என்னைப் பார்த்தார். அத்தனை மாதத்தில் நான் அதை ஒரு முறைகூடத் தொட்டதில்லை. தண்ணீர் மாற்றும்போதுகூட மகனைக் கூப்பிடுவேன்.

“நான் வெச்சுக்கறேன்,” என்றேன்.

மகன் அதை ஒரு தலையணை உறைக்குள் விட்டுக் கொடுத்தான். ஜாக்கெட்டுக்குள், வயிற்றின் மேல் வைத்து ஜிப்பை இழுத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தேன். முதலில் அது ஈரத் துணி மாதிரி சில்லென்று அசையாமல் கிடந்தது. செத்துவிட்டதோ என்று பயந்தேன். அவள் போனை வைக்கவில்லை. “மூவ் பண்றானா ஆன்ட்டி?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வெகுநேரம் கழித்து, உறைக்குள் மெதுவாக ஏதோ புரண்டது. என் விலா எலும்போரம் நகர்ந்து, சூடு இருக்கும் இடத்தைத் தேடிப் பிடித்துச் சுருண்டுகொண்டது.

“பண்றான்,” என்றேன்.

அந்தப் பக்கம் அவள் அழுதாள். அன்று தெருவில் அழாதவள் இப்போது அழுதாள். சத்தம் வராமல் இருக்க வாயை மூடிக்கொண்டாள் போல. அவள் அம்மாவின் குரல் கேட்டது, “என்ன கண்ணு, என்னாச்சு” என்று. போன் கட்டாகிவிட்டது.

மின்சாரம் வரும்வரை அது என்னோடுதான் இருந்தது. அடுப்பு கேஸ் என்பதால் தீக்குச்சி கிழித்துப் பற்றவைத்து ரசம் வைத்தேன், அப்போதும் ஜாக்கெட்டுக்குள் இருந்தது. பாம்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

வெயில் காலம் வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் நீச்சல் வகுப்புக்குப் போயிருந்தான். அவள் கால் வந்தபோது நான் மட்டும்தான் இருந்தேன். பல வாரமாக மனதில் வைத்திருந்ததைச் சொன்னேன்.

“நீ காலேஜுக்கு இங்கதானே வரணும்னு சொல்ற. வந்தா இவனை நீயே எடுத்துட்டுப் போயிடு. அதுவரைக்கும் நாங்க பாத்துக்கறோம். இவன் உன்னோட பாம்புதான்.”

நான் ஏதோ பெரிதாகக் கொடுத்துவிட்டதாக நினைத்துக் காத்திருந்தேன்.

“வேண்டாம் ஆன்ட்டி,” என்றாள். “அவனை மறுபடி இடம் மாத்தாதீங்க. இப்பதான் அங்க பழகியிருக்கான்.”

“உனக்கு வேண்டாமா?”

“வேணும். ஆனா அவனுக்கு வேண்டாம்.”

சொல்ல வேண்டியதை அதற்குப் பிறகுதான் சொன்னேன். “அன்னிக்கு நான் அந்த நேரத்துல வந்திருக்கக் கூடாது.”

“அப்பாதானே வரச் சொன்னாங்க.”

“ஆமா. எதுக்கு அந்த நேரத்துல வரச் சொல்றாருன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வந்தேன்.”

பரவாயில்லை ஆன்ட்டி என்று அவள் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். குழந்தைகளை அப்படிச் சொல்லத்தானே பழக்கியிருக்கிறோம். அவள் அப்படிச் சொல்லவில்லை.

“முன்னாடியே சொல்லியிருந்தா நான் அவனை ஒளிச்சு வெச்சிருப்பேன்,” என்றாள்.

“எங்க?”

“தெரியல. ஸ்கூல் லாக்கர்ல.” அதை நினைத்து அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. “அங்க செத்திருப்பான்.” பிறகு டியூஷனுக்குப் படிக்க வேண்டும் என்று போனை வைத்துவிட்டாள்.

அந்தச் சிரிப்பை மன்னிப்பாக எடுத்துக்கொள்ள எனக்கு ஆசையாக இருந்தது. அது அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைக் கால்கள் மாதம் ஒன்றாகின. பிறகு பண்டிகைக்கு ஒன்று. அவளுக்குப் பத்தாம் வகுப்பு வந்துவிட்டது. சிநேகிதிகள் கிடைத்துவிட்டார்கள் என்று அவள் அம்மா சொன்னார். வீடியோ அனுப்பினால் பார்க்கிறாள், சில சமயம் ஒரு இதயம் மட்டும் வரும். அவள் மறந்துவிட்டால் நல்லது என்று ஒரு மனம் சொல்கிறது. அப்படி நினைப்பது எனக்கு எவ்வளவு வசதியாக இருக்கிறது என்பதும் தெரிகிறது.

போன மாதம் என் கணவரின் ஆபீசில் ஆட்களைக் குறைக்கப் போவதாகப் பேச்சு வந்தது. நாங்கள் இருவரும் சமையலறையில் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தோம். இப்போது என் உயரத்துக்கு வளர்ந்துவிட்ட மகன் வாசலில் வந்து நின்றான். தோளில் பாம்பு.

“நாம போக வேண்டி வந்தா இவன் யார்கிட்ட போவான்?” என்று தமிழில் கேட்டான். தமிழில் கேட்கிறான் என்றால் அவனுக்குப் பயமாக இருக்கிறது என்று அர்த்தம்.

கார்ன் ஸ்நேக் இருபது வருடம்கூட இருக்கும். எங்கள் விசா அடுத்த வருடம் என்ன ஆகும் என்று எங்களுக்கே தெரியாது. வாங்கும்போது நான் எத்தனையோ கேள்வி கேட்டேன், இதை மட்டும் யாரிடமும் கேட்கவில்லை.

“தெரியலடா,” என்றேன். “ஆனா அப்படி ஒண்ணு வந்தா உன்கிட்டதான் மொதல்ல சொல்லுவேன். யார்கிட்ட குடுக்கறதுன்னு நீ முடிவு பண்ணு. நீ இல்லாத நேரத்துல யாரும் வர மாட்டாங்க.”

அவன் என்னைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான். பிறகு பாம்பை மெதுவாகக் கழுத்திலிருந்து எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, தொட்டியைக் கழுவ மேலே போனான்.